என் பேச்சைக் கேட்கும் கதவு

அந்தக் கதவு என் பேச்சை மட்டும்தான் கேட்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதனால் என்ன இப்போது?

எங்கள் குடும்பத்துக்கு மருந்து மொத்த வியாபாரம். முன்பக்கம் அலுவலகம், பின்பக்கம் கிடங்கு, கிடங்கின் கோடியில் ஓர் இரும்புக் கதவு. கதவுக்குப் பின்னால் இருப்பவை தாங்க முடியாத வலிக்குப் போடும் ஊசி மருந்துகளும் மயக்க மருந்துகளும். கெட்ட வழிக்குத் திருடுகிறவர்கள் தேடி வரும் சரக்கு என்பதால் சாதாரணப் பூட்டு அதற்குப் போதாது. அந்தச் சாவிக்குப் பல்லே கிடையாது. இரண்டு பக்கமும் குழி குழியாக இருக்கும். தெருமுனைச் சாவிக்கடையில் நீட்டினால், "இதெல்லாம் நம்மால ஆகாதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பூட்டோடு ஓர் அட்டை வந்தது. அந்த அட்டையில் பேர் உள்ளவர் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் இன்னொரு சாவி வெட்டுவார்கள். அட்டையில் இருந்தது என் பேர்.

சில வருஷங்களுக்கு முன்பே அந்தப் பூட்டு முரண்டு பிடிக்க ஆரம்பித்திருந்தது. சாவி உள்ளே போகும், திரும்பாது. என் வீட்டுக்காரர் திருப்பிப் பார்த்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார். கொழுந்தன் காலால் உதைத்துப் பார்த்தார். மாமனார் அதை வாய்க்கு வந்தபடி திட்டிப் பார்த்தார். நான்தான் கண்டுபிடித்தேன்: கதவை இடுப்பால் முட்டி, கைப்பிடியை மேலே தூக்கி, சாவியை ஒரு மயிரிழை வெளியே இழுத்துத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எந்த அளவுக்கு முட்டுவது, எந்த அளவுக்கு இழுப்பது என்பது என் கைக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் பொழுதுக்கும் ஒரே குரல்தான். "அண்ணி, கதவு!" என்று கொழுந்தன் கூப்பிடுவார். சரக்குக் கட்டும் பையன் நெட்டையும் அப்படியே கூப்பிடுவான். "அக்கா, கதவு!" என்பாள் சின்னவள். நான் போட்டது போட்டபடி எழுந்து போவேன். "ஏன் என் உயிரை வாங்கறீங்க?" என்று சலித்துக்கொண்டேதான் போவேன். உள்ளுக்குள் மனசு குளிர்ந்துவிடும்.

சின்னவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி. மருந்தியல் படித்தவள். அவள் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். மருந்துப் பேரெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. குளிர்பெட்டியின் சூட்டளவைப் பார்ப்பது என் வேலையாக இருந்தது, அது அவளிடம் போனது. ஆஸ்பத்திரிக்காரர்களோடு பேசுவது என் வேலையாக இருந்தது, அதுவும் போனது. ஒரு நாள் என் மகனே கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு, "நீ வேணாம்மா, சித்தி சொல்லிக் குடுத்தா புரியுது" என்றான். பெற்ற வயிறு பற்றி எரிந்தது. அவள் அதட்டி ஒரு வார்த்தை பேச மாட்டாள், அது இன்னும் எரிச்சல். சண்டைக்கு வருகிறவளாக இருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

ஆனால் கதவு மட்டும் அவளுக்கு வராது. ஒரே ஒரு பெட்டி எடுக்க வேண்டுமென்றாலும் கூடையோடு கதவுக்கு முன்னால் வந்து நின்று, "அக்கா, கதவு!" என்பாள். "தள்ளு, படிச்ச படிப்புக்கு இதுகூடத் தெரியல பாரு" என்பேன். முட்டி, தூக்கி, இழுத்துத் திருப்புகிறவரை என் வாய் சும்மா இருக்காது. கால்வலி, வீட்டுக்காரரின் குறட்டை, மாமனாரின் பிடிவாதம் என்று எதையாவது சொல்லிக்கொண்டே திறப்பேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்பாள். மற்ற நேரத்தில் நான் அவள் இருக்கும் பக்கமே திரும்புவதில்லை.

அந்தக் கதவும் போய்விட்டால் எனக்கு அந்தக் கிடங்கில் என்ன வேலை? இது ஒன்றுதான் என் பயம்.

பயந்த மாதிரியே நடந்தது. சோதனைக்கு வந்த அதிகாரி கதவைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, பூட்டுகளையெல்லாம் பழுது பார்த்தால்தான் உரிமத்தைப் புதுப்பிக்க முடியும் என்று சொல்லிவிட்டார். மாமனார் உடனே, "சின்னவளே, நல்ல பூட்டுக்காரரா ஒருத்தரைப் பாரும்மா" என்றார்.

"எதுக்கு மாமா? கதவைப் பத்தி எனக்குத்தானே தெரியும். நான் பாத்துக்கறேன்" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

அவள் ஆள் பிடித்தால் நல்ல ஆளாகப் பிடித்துவிடுவாள். நான் தேடியது வேறு ரகம். வந்ததற்கு அடையாளமாக நாலு தட்டுத் தட்டி, கொஞ்சம் துடைத்து, கதவை இருந்தபடியே விட்டுவிட்டுப் போகிற ஆளாக இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள். உங்களிடம் மிச்சம் இருப்பதைப் பிடுங்க வந்தால் நீங்களும் இதைத்தான் செய்வீர்கள்.

அந்த வகைப் பூட்டைத் தொட அனுமதி உள்ளவர்கள் ஊரில் மூன்று பேர். முதல் ஆள் போனில் எடுத்த எடுப்பில், "கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா? எடை எவ்வளவு இருக்கும்? கீல் எந்த வகை?" என்று கேட்டார். இவர் ஆபத்தான ஆள் என்று போனை வைத்துவிட்டேன். இரண்டாவது, ஒரு பெரிய கடை. பயிற்சி பெற்ற இருவரை அனுப்புவோம், வேலைக்கு ஒரு வருஷம் உத்தரவாதம் என்றார்கள். யாருக்கு வேண்டும் உத்தரவாதம்? மூன்றாவது ஆள் போனை எடுத்ததும் பேச ஆரம்பித்தவர்தான், நிறுத்தவே இல்லை. எந்த மந்திரி வீட்டுப் பூட்டைத் திறந்தார், எந்த வங்கி மேலாளர் கழிப்பறைக்குள் மாட்டிக்கொண்டார் என்று ஒரே அளப்பு. "பூட்டு நம்மளைப் பாத்துப் பயப்படணும் மேடம்!" என்றார். வாய் இவ்வளவு வேலை செய்தால் கை சும்மாதான் இருக்கும் என்று கணக்குப் போட்டு அவரை வரச் சொன்னேன்.

வந்தார். பளபளவென்று சட்டை, கையில் பெரிய பெட்டி, வாயில் ஓயாத பேச்சு. தெருப்பக்கத்து இழுவைக் கதவு, அலுவலகக் கதவு இரண்டையும் பார்த்து முடித்துவிட்டு இரும்புக் கதவுக்கு வந்தார். பின்னாலேயே சின்னவளும் வந்து நின்றாள்.

"எங்க, நீங்களே ஒரு தடவை திறந்து காட்டுங்க மேடம்."

முட்டினேன், தூக்கினேன், இழுத்துத் திருப்பினேன். கதவு திறந்தது. கொஞ்சம் மிதப்பாகத்தான் அவரைப் பார்த்தேன்.

"அடேங்கப்பா! இது என்ன கதவு திறக்கறதா, குஸ்தியா?" என்றார் அவர். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த ஆள் பூட்டைப் பார்க்கவே இல்லை. விளக்கை எடுத்துக் கதவின் மேல் கீலில் அடித்தார், கீழே குனிந்து வாசற்படியைத் தடவினார். "பூட்டு மேல பழி போடாதீங்க மேடம். கதவுதான் இறங்கியிருக்கு. மேல் கீல் தேஞ்சு போய், பூட்டோட நாக்கு துவாரத்துல இடிக்குது. நீங்க இடுப்பால தூக்கறீங்களே, அது கீல் செய்ய வேண்டிய வேலை." இவ்வளவு காலம் நான் ஒரு கீலின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். என் முகத்தில் ஈயாடவில்லை.

அப்புறம் சாவித் துவாரத்துக்குள் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டு எடுத்தார். கருகருவென்று பிசின் ஒட்டிக்கொண்டு வந்தது. "இதுல யார் எண்ணெய் ஊத்தினது? இந்த மாதிரிப் பூட்டுக்கு எண்ணெய் விடவே கூடாது. தூசியைப் பிடிச்சு உள்ள பசையாயிடும். யாருங்க அந்தப் புண்ணியவான்?"

தையல் மிஷின் எண்ணெய். வாரம் தவறாமல் ஊற்றியது நான்தான். அது சின்னவளுக்கும் தெரியும், பார்த்திருக்கிறாள். நான் தரையைப் பார்த்தேன்.

"முன்னாடி இருந்த வாட்ச்மேன் விட்டிருப்பாருங்க. அவர் எதைப் பாத்தாலும் எண்ணெய் போடுவாரு" என்றாள் சின்னவள்.

அவள் எனக்காகப் பொய் சொன்னாள். நன்றிதானே வர வேண்டும்? எனக்கு அவளை அப்படியே பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது.

அதோடு போகவில்லை. அவள் அந்த ஆளிடம் பூட்டுக்குள்ளே எத்தனை ஊசி, துளைபோட்டால் என்ன ஆகும், நாக்கு எவ்வளவு நீளம் என்று கேட்டுக்கொண்டே போனாள். அவரும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினார். கூட்டி வந்தது நான்! என்னிடம் மந்திரி வீட்டுக் கதை, அவளிடம் பூட்டைப் பற்றிய கதையா?

கிளம்பும்போது மாமனாரிடம், "கீலும் சாவி போடற உருளையும் மாத்தணும் சார். சாமான் நாளைக்குச் சாயங்காலம் வந்துரும், மறுநாள் காலையில மாட்டிடறேன். அப்புறம் பாருங்க, சின்னக் குழந்தை ஒத்தை விரல்ல திறக்கும்" என்றார்.

"நல்லதாப் போச்சு. அப்படியே அட்டையையும் சின்னவ பேருக்கு மாத்திடுங்க. மருந்துக்குப் பொறுப்பு அவதானே" என்ற மாமனார் என் பக்கம் திரும்பினார். "பெரியவளே, இனிமே நீ அலைய வேண்டியதில்லம்மா. வீட்ல நிம்மதியா இரு."

"நான் அலையறேன்னு யார்கிட்டயாவது சொன்னேனா மாமா?"

"கோவிச்சுக்காதம்மா. உன் நல்லதுக்குத்தான்."

என் நல்லதுக்கு! அன்று இரவு வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர், "கதவு நல்லாத் திறந்தா நல்லதுதானே?" என்று கேட்டுவிட்டுக் குறட்டை விட ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் ஒரு முடிவோடு கிடங்குக்குப் போனேன். மதியம் ஆஸ்பத்திரி வண்டி வரும். வலி மருந்து இரண்டு பெட்டி போக வேண்டும். கதவு இன்னும் பழைய கதவுதான். கழுத்தில் மாட்டியிருந்த சாவியைக் கழற்றிச் சின்னவளின் மேஜை மேல் வைத்தேன்.

"இந்தா. எப்படியும் நாளையிலிருந்து உன்கிட்டதானே? இன்னிக்கே வச்சுக்கோ."

"எங்க போறீங்க அக்கா?"

"எங்க அக்கா வீட்டுக்கு. ஏன், உன்கிட்ட லீவு கேக்கணுமா?"

"அதுக்கில்லக்கா. மதியம் வண்டி வருமே..."

"வரட்டும். நீதான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே." திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். இடுப்பை முட்டி, பல்லைக் கடித்து, வியர்த்து விறுவிறுத்து, கடைசியில் எனக்குப் போன் செய்து கெஞ்சட்டும். நான் உடனே போக மாட்டேன். இரண்டாவது போனுக்குத்தான் போவேன். வண்டிக்காரர், நெட்டை, மாமனார் எல்லோரும் பார்த்திருக்க, ஒரே திருப்பில் திறந்து காட்ட வேண்டும். அதற்கப்புறம் யார் பேரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

அக்கா வீட்டில் கூடத்து நாற்காலியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா தேநீர் கொடுத்தாள், ஆறிப்போனது. மதியச் சாப்பாட்டில் கை வைத்தேன், இறங்கவில்லை.

"யார் போனுக்குடி இப்படிக் காத்துக்கிடக்கே?"

"யாருக்கும் இல்ல."

"அப்ப ஏன் அதை முறைச்சுப் பாத்துட்டே இருக்கே?"

ஒரு முறை அடித்தது. எடுத்தால் கடன் வேண்டுமா என்று எவனோ கேட்டான். அவனைப் பிடித்து நன்றாக ஏசிவிட்டேன், பாவம். அப்புறம் சந்தேகம் வந்து அக்காவை அவள் போனிலிருந்து எனக்கு அடிக்கச் சொன்னேன். மணி கணீரென்று அடித்தது. என் போனுக்கு ஒரு கேடும் இல்லை.

வண்டி வந்திருக்கும். வந்து நின்றுகொண்டிருக்கும். அப்போதுதான் அந்த மருந்துக்காகக் கட்டிலில் கிடக்கும் யாரோ ஒருவரின் ஞாபகம் வந்தது. வலி தாங்காமல் கத்திக்கொண்டிருப்பார். அதுவரை அந்த ஆள் என் நினைப்பிலேயே இல்லை, சின்னவளின் முகம் மட்டும்தான் இருந்தது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

கிடங்கில் ஒரு பரபரப்பும் இல்லை. நெட்டை பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தான். இரும்புக் கதவு மூடியிருந்தது.

"வண்டி வந்துச்சா?" என்றேன் மூச்சு வாங்க.

"அது அப்பவே போயிடுச்சே அண்ணி. ரெண்டு பெட்டியும் ஏத்தி விட்டாச்சு."

"கதவை யார் திறந்தா? பூட்டுக்காரர் வந்தாரா?"

"சின்ன அண்ணிதான் திறந்தாங்க" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான்.

சின்னவள் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல முழித்தாள்.

"எப்படித் திறந்தே?"

அவள் கழுத்தில் கிடந்த சாவியைக் கையால் மூடிக்கொண்டாள்.

"திறந்து காட்டு, நான் பாக்கணும்."

"வேணாம்க்கா..."

"திறடி!"

அவள் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். சாவியைப் போட்டாள். இடுப்பால் ஒரு முட்டு, கைப்பிடியில் ஒரு தூக்கு, சாவியில் ஒரு மயிரிழை இழுப்பு. என்னைப் போலப் பெருமூச்சுகூட விடவில்லை. கதவு திறந்தது.

"இது எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"வந்த புதுசுலயே தெரியும்க்கா. நீங்க திறக்கறதைப் பாத்துப் பழகிட்டேன். ஒரு நாள் நீங்க சாவியை மேஜையில வச்சுட்டுச் சாப்பிடப் போனப்ப திறந்து பாத்தேன், வந்துருச்சு."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. இரண்டு வருஷம்! கூடையும் கையுமாக நின்று, "அக்கா, கதவு!" என்று கூப்பிட்டு, என் பெருமையையெல்லாம் வேடிக்கை பார்த்திருக்கிறாள். "அப்ப என்னை வச்சு விளையாடினியா? பாவம், பெரியவ ஏதோ ஆட்டம் ஆடறா, ஆடிட்டுப் போகட்டும்னு விட்டியா? உன் பிச்சை எனக்கு எதுக்குடி?"

"பிச்சையா?" அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "நீங்க என்னோட பேசறதே இந்தக் கதவுக்கு முன்னாடி மட்டும்தானேக்கா! வீட்ல பேச மாட்டீங்க. சாப்பிடறப்ப பேச மாட்டீங்க. நான் உள்ள வந்தா நீங்க வெளிய போவீங்க. இங்க வந்து நின்னாத்தான் கால்வலி, தலைவலின்னு என்கிட்ட நாலு வார்த்தை சொல்றீங்க. நானே திறந்துக்கிட்டா அதுவும் போயிடும்னுதான் கூப்பிட்டேன். போதுமா?"

சொல்லிவிட்டு மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அந்த வேளையிலும் என் புத்தி பாருங்கள்: சே, இதிலும் இவள்தான் ஜெயித்தாளா என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அவள் சொன்னது உறைத்தது. அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளும் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

மறுநாள் காலையில் பூட்டுக்காரர் சொன்னபடி வந்துவிட்டார். வாய் எவ்வளவு ஓடியதோ அவ்வளவு வேகமாகக் கையும் ஓடியது; என் கணக்கு சுத்தமாகத் தப்பு. கதவைத் தூக்கி நிறுத்திக் கீலை மாற்றினார். பழைய உருளையைக் கழற்றிப் புதிதை மாட்டினார். சாவியைப் போட்டுச் சுண்டு விரலால் திருப்பினார். சத்தமே இல்லாமல் கதவு விலகியது. எல்லோரும் ஆளுக்கொரு தடவை திறந்து பார்த்தார்கள். வீட்டுக்காரர் இரண்டு தடவை திறந்தார். சின்னவள் மட்டும் கிட்ட வரவில்லை. நானும் போகவில்லை.

பூட்டுக்காரர் புது அட்டையையும் பேனாவையும் எடுத்தார். "சின்ன மேடம் பேர்தானே சார்? அப்புறம் ஒண்ணு கேக்கணும். ஒத்தைப் பூட்டாவே விட்டுடட்டுமா, இல்ல ரெட்டையாப் போட்டுடவா? ரெட்டைன்னா இன்னொரு பூட்டு மேல வரும். ரெண்டு பேர்கிட்ட ரெண்டு சாவி, ரெண்டு அட்டை. ஒருத்தர் தனியாத் திறக்கவே முடியாது. இந்த மாதிரி மருந்து வச்சிருக்கற இடத்துல சில பேரு அப்படித்தான் கேப்பாங்க."

"அதெல்லாம் எதுக்குங்க? ஒண்ணு போதும்" என்றார் மாமனார்.

"ரெட்டையாப் போடுங்க" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "உனக்கென்ன பைத்தியமா? இப்பத்தான் ஒத்தை விரல்ல திறக்குது. ஒருத்தி வரலைன்னா ஆஸ்பத்திரிக்காரங்க என்ன பண்ணுவாங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"அவசரத்துக்கு ரெண்டு சாவிக்கும் மாத்துச் சாவியை உறையில போட்டு சீல் வச்சுப் பெரியவர்கிட்டக் குடுத்துருவேன் சார். அதுல பிரச்சினை இல்ல" என்றார் பூட்டுக்காரர்.

"திருட்டுப் பயம் இருக்கு மாமா. ரெண்டு பேர் இருந்தா நல்லதுதானே" என்றேன் நான். திருட்டாவது ஒன்றாவது. அவள் மட்டும் தனியாகத் திறந்துவிட்டுப் போகக் கூடாது என்ற எரிச்சல் எனக்குள் அப்படியேதான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதோடு இன்னொன்றும் இருந்தது. அதை அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது?

மாமனார் என்னைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

"அக்கா சொல்றது சரிதான் மாமா" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

பூட்டுக்காரர் பெட்டியைத் திறந்து துளைபோடும் மிஷினை எடுத்தார். இரும்புத் தூள் பறந்தது. மற்றவர்கள் அவரவர் வேலைக்குக் கலைந்து போனார்கள். கதவுக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். மிஷின் சத்தம் ஓய்ந்த ஒரு நொடியில் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நான் லீவு போட்டா என்னக்கா பண்ணுவீங்க?"

"லீவு போடாத" என்றேன்.